ஓவரி இருக்கா, எடுத்தாச்சா?

(ஒலிப்பதிவிலிருந்து திருத்தி எழுதிய வடிவம். பேசும்போது வந்த சொற்கள் சில இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கின்றன.)

இன்றைக்கு நான் சொல்லப்போகிற வரலாறு எங்கள் வீட்டு பீரோவிலிருந்து தொடங்குகிறது.

2019இல் அம்மா கொல்லைப்புறத்தில் துணி அலசிக்கொண்டிருந்தபோது வழுக்கி விழுந்துவிட்டாள். கையை ஊன்றியதில் மணிக்கட்டு உடைந்தது. அப்போது அவளுக்கு 64 வயது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுக்கு எலும்பு இவ்வளவு பலவீனமா இருக்கக் கூடாதே" என்றார். பிறகு கேட்டார்: "பீரியட்ஸ் எப்பம்மா நின்னது?"

"ஆபரேஷன் பண்ணி கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க சார். நாப்பத்தோரு வயசுல."

"ஓவரி இருக்கா, எடுத்தாச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். ஆபரேஷன் முடிந்து 23 வருஷம் ஆகியிருந்தது. தன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டிய அப்பா 2011லேயே போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி பீரோவைக் குடைந்தேன். எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு அடியில், துருப்பிடித்த கிளிப் போட்ட ஒரு பழுப்புக் காகிதம் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரி. ஆங்கிலத்தில் நாலே வரி. அதில் ஒரு வரி: 'டி.ஏ.எச். வித் பி.எஸ்.ஓ.'

முதல் மூன்று எழுத்துக்கு அர்த்தம், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை முழுசாக எடுத்தாகிவிட்டது. பின்னால் இருக்கிற மூன்று எழுத்துக்கு அர்த்தம், இரண்டு பக்கத்துச் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் சேர்த்தே எடுத்தாகிவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் சின்னது இல்லை. கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும், ஆனால் சினைப்பைகள் வழக்கம்போல ஈஸ்ட்ரோஜனைச் சுரந்துகொண்டிருக்கும். இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் மெனோபாஸ் அன்றைக்கே வந்துவிடும். இயற்கையாக என்றால் நாலைந்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவர வேண்டிய மாடிப்படி. அம்மாவை மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஆகியிருக்கிறது.

இப்போது எனக்கு 1996 ஞாபகம் வந்தது. எனக்கு 14 வயது. மார்கழிக் குளிரில் நாங்கள் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குவோம். அம்மா மட்டும் எழுந்து பின்வாசல் படியில் உட்கார்ந்து விசிறியால் வீசிக்கொண்டிருப்பாள். ரவிக்கை நனைந்திருக்கும். பகலில் ஒன்றுமில்லாததற்கு அழுவாள். தட்டை எறிவாள். ஒரு தடவை நான் உப்பு டப்பாவை மூடாமல் வைத்ததற்கு அடித்துவிட்டு, அரைமணி நேரம் கழித்து என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தை சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கர்ப்பப்பை எடுத்தவளுக்குப் புத்தி கொஞ்சம் இப்படித்தான் திரும்பிக்கிடும்." அப்பா சொன்னது: "இவளுக்கு எப்பவுமே கோபம் ஜாஸ்தி." நானும் அப்படித்தான் நம்பினேன். அம்மாவும் அப்படித்தான் நம்பினாள் என்பதுதான் இதில் எனக்குப் பெரிய வலி.

அத்தை சொன்ன அந்த வாக்கியம் அத்தையுடையது இல்லை. அதற்கு ஒரு நீண்ட வம்சாவளி இருக்கிறது. 'ஹிஸ்டீரியா' என்ற வார்த்தையும், கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷனுக்கான 'ஹிஸ்டரக்டமி' என்ற வார்த்தையும் கர்ப்பப்பையைக் குறிக்கிற 'ஹிஸ்டெரா' என்ற ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தவை. பெண்ணின் புத்தி அவள் வயிற்றில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை ரொம்பப் பழசு. பழைய கதை போதும், ஆபரேஷன் தொடங்கிய இடத்துக்கு வருவோம்.

1809. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம். ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணுக்கு வயிறு பெருத்துக்கொண்டே போகிறது. வயது 45க்கு மேல். பிரசவ காலம் தாண்டிவிட்டது, இரட்டைக் குழந்தையாக இருக்கும் என்று அவரும் நினைத்தார், பார்த்த மருத்துவர்களும் நினைத்தார்கள். எஃப்ரயிம் மெக்டவல் என்ற மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, இது குழந்தை இல்லை, சினைப்பையில் கட்டி என்றார். அதுவரை யாரும் செய்து ஜெயிக்காத ஆபரேஷன், சம்மதம் என்றால் டான்வில் ஊருக்கு வா என்றார். அந்தப் பெண் 60 மைல் குதிரையில் போனார், கட்டி சேணத்தின் மேல் அழுந்திக்கொண்டிருக்க. மயக்க மருந்து கிடையாது, அது வருவதற்கு இன்னும் 37 வருஷம் இருக்கிறது. வலிக்கு பைபிள் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டே படுத்திருந்தாராம். 25 நிமிஷத்தில் ஆபரேஷன் முடிந்தது. கட்டி மொத்தம் 22½ பவுண்டு, கிட்டத்தட்ட 10 கிலோ. ஐந்தாவது நாள் மருத்துவர் வந்து பார்த்தால், அந்தம்மா எழுந்து தன் படுக்கையைத் தானே விரித்துக்கொண்டிருக்கிறார். 1842 வரை உயிரோடிருந்தார்.

மருத்துவ வரலாற்றுப் புத்தகங்களில் இது வெற்றிக்கதை. வெற்றிதான், சந்தேகமே இல்லை. ஆனால் குழந்தை என்று நினைத்துச் சுமந்தது கட்டி என்று தெரிந்துகொண்டு, அதை வெட்டி எடுத்த பிறகு, திரும்பி வீட்டுக்குப் போகும் வழியில் அவர் என்ன நினைத்திருப்பார்? கட்டியின் எடை நமக்கு அரை பவுண்டு சுத்தமாகக் கிடைக்கிறது. அந்த நினைப்பு கிடைப்பதில்லை. மெக்டவல் 1817இல் எழுதி வெளியிட்ட குறிப்பில் அதற்கு இடம் இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பிழைத்தாளா, செத்தாளா என்பதுதான் கேள்வி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவருக்கு என்ன வியாதி, எதை எடுக்கப்போகிறார்கள், செத்துப்போக வாய்ப்பிருக்கிறது என்பதெல்லாம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. அவரே முடிவெடுத்து, அவரே குதிரையேறிப் போனார். 1809இல் ஒரு கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைத்த இது, 1996இல் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த திருப்பம் 1872. இதை நான் படித்தபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ரோம் என்று ஓர் ஊர். அங்கே ராபர்ட் பேட்டி என்ற மருத்துவர், நோய் எதுவும் இல்லாத சினைப்பைகளை எடுக்கிற ஆபரேஷனைத் தொடங்கினார். அதே வருஷம் ஜெர்மனியில் ஆல்ஃபிரெட் ஹேகர், இங்கிலாந்தில் லாசன் டெய்ட் ஆகியோரும் தனித்தனியாக இதே வழியில் போனார்கள். பேட்டியின் நோக்கம் வெளிப்படையானது: மாதவிலக்கு நாட்களில் வரும் கடுமையான வலிக்கும் வலிப்புக்கும் சினைப்பைதான் காரணம், ஆகவே செயற்கையாக மெனோபாஸைக் கொண்டுவந்துவிட்டால் சரியாகிவிடும். சீக்கிரமே இந்த 'பேட்டி ஆபரேஷன்' வலியைத் தாண்டிப் போனது. நரம்புத் தளர்ச்சி, 'சினைப்பைப் பைத்தியம்', அடங்காத குணம் என்று பலவற்றுக்கும் செய்தார்கள். மனநோய் விடுதிகளில் இருந்த பெண்களுக்கும் செய்தார்கள்.

இங்கே உள்ள கிறுக்குத்தனத்தைப் பாருங்கள். பெண்ணின் மனசைச் சரிசெய்ய, எதை எடுத்தால் மனசும் உடம்பும் நிலைகுலையுமோ அதையே எடுத்தார்கள். அப்புறம் அவள் அழுதால், தூங்காமல் தவித்தால், பார்த்தாயா, அவள் சுபாவமே அப்படி!

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் பெண் எலிசபெத் பிளாக்வெல், இதைப் பெண்களைச் சிதைக்கிற வேலை என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். அதே சமயம் இங்கிலாந்தின் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் சினைப்பைக் கட்டி ஆபரேஷனைத் தன் கையாலேயே செய்தவர். பெண் மருத்துவர்கள் என்பதால் எல்லோரும் ஒரே பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். உண்மையான கட்டியால் சாகப்போகிற பெண்ணைக் கத்தி காப்பாற்றியது. நல்ல உறுப்பை எடுத்த கத்தியும் அதேதான்.

இந்த இடத்தில் நம்ம ஊர் வருகிறது. மேரி ஷார்லீப் என்று ஓர் ஆங்கிலேயப் பெண். கணவர் சென்னையில் வக்கீல். இங்குள்ள பெண்கள் ஆண் மருத்துவரிடம் காட்ட மாட்டேன் என்று பிரசவத்திலேயே செத்துப்போவதைக் கேள்விப்பட்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரோடு இன்னும் மூன்று பெண்கள். பிறகு லண்டன் போய்ப் பட்டம் வாங்கித் திரும்பி, 1885இல் கோஷா பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி தொடங்கக் காரணமாக இருந்தார். திருவல்லிக்கேணியில் இருக்கிற கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரிதான் அது. பழைய ஆட்கள் இன்னும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்கிறார்கள். மேரி ஷார்லீப் லண்டனுக்குத் திரும்பி, பெண்களின் வயிற்று அறுவை சிகிச்சையில் பேர்போன சர்ஜன் ஆனார். பெண் நோயாளியிடம் பெண் மருத்துவர் பேசலாம், கேட்கலாம், சொல்லலாம் என்ற வசதிக்காகக் கட்டிய கட்டடம் அது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அம்மாவுக்கு ஆபரேஷன் செய்ததும் ஒரு பெண் டாக்டர்தான். அவர் பேசியது அப்பாவிடம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வியன்னாவில் எமில் க்னாவர் முயல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். சினைப்பையை எடுத்தால் முயலின் கர்ப்பப்பை சுருங்குகிறது. எடுத்த சினைப்பையை உடம்பில் வேறு இடத்தில் ஒட்டவைத்தால் சுருங்குவதில்லை. அதாவது சினைப்பை ஏதோ ஒன்றை ரத்தத்தில் கலக்கிறது. ஹார்மோன் என்ற பெயரே அதற்குப் பிறகுதான் வந்தது. 1942இல் அமெரிக்காவில் பிரெமரின் என்ற ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. ஆக, சினைப்பை போன உடம்புக்கு என்ன ஆகும், அதற்கு என்ன கொடுக்கலாம் என்பது அம்மா பிறப்பதற்கு முன்பே மருத்துவத்துக்குத் தெரியும். இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு ஆபரேஷன் பாதுகாப்பானது. மயக்க மருந்து, ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றும் வசதி எல்லாம் வந்ததும் கர்ப்பப்பையை எடுப்பது சாதாரண விஷயம் ஆனது. ரொம்பச் சாதாரணமாகிவிட்டது என்று 1946லேயே நார்மன் மில்லர் என்ற அமெரிக்க மருத்துவருக்குத் தோன்றி, இது தேவையான சிகிச்சையா, இல்லை சர்ஜரி மோசடியா என்று தலைப்பிலேயே கேட்டுக் கட்டுரை எழுதினார்.

பெண்களின் மனசைப் பற்றி என்ன எழுதினார்கள்? 1973இல் ரிச்சர்ட்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 'லான்செட்' இதழில், கர்ப்பப்பை எடுத்த பெண்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது என்று எழுதினார். அடுத்த வருஷம் அதற்கு ஒரு நோய்க்குறித் தொகுப்பின் பெயரே வைத்துவிட்டார். அத்தையின் வாக்கியம் லான்செட் வரைக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஆனால் இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் டெனிஸ் காத்தும் அவர் குழுவும், ஆபரேஷனுக்குப் பிறகு மட்டும் பார்க்காமல் முன்னாலிருந்தே பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். அதிக ரத்தப்போக்குக்காக ஆபரேஷன் செய்துகொண்ட 156 பெண்கள். ஆபரேஷனுக்கு முன்பு அவர்களில் 58 சதவீதம் பேர் மனநலப் பிரச்சினை உள்ளவர்களாகக் கணக்கில் வந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து 29 சதவீதம். 1982இல் வெளிவந்த முடிவு இது. அதாவது பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே நொந்துபோய்த்தான் வந்திருக்கிறார்கள். மாதா மாதம் ரத்தம் கொட்டி, சோகை பிடித்து, வெளியே போக பயந்து, சேலையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த வாழ்க்கையிலிருந்து அவர்களில் பலரைக் கத்தி விடுவித்தது. எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர் இருந்தார், ஆபரேஷனுக்குப் பிறகுதான் எனக்குக் கலியாணமான மாதிரி இருக்கு என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பும் இந்த வரலாற்றில் சேர்த்தி. கர்ப்பப்பை போனாலே பெண் உடைந்துவிடுவாள் என்பது பேட்டி காலத்து நம்பிக்கையின் மறுபக்கம்தான்.

அப்படியானால் எது உடைக்கிறது? இதற்கு நான் புள்ளிவிவரத்தை விட்டுவிட்டு இரண்டு பெண்களிடம் போகிறேன்.

முதலாமவர் ஃபேனி லூ ஹேமர். மிசிசிப்பி மாநிலத்தில் பருத்திக்காட்டில் குத்தகைக் கூலிகளுக்குப் பிறந்த இருபதாவது குழந்தை. பின்னாளில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக நாட்டையே உலுக்கியவர். 1961இல் வயிற்றில் இருந்த சின்னக் கட்டி ஒன்றை எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனார். வெள்ளைக்கார டாக்டர் அவரைக் கேட்காமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டார். சொல்லவும் இல்லை. அவருக்கு எப்படித் தெரியவந்தது தெரியுமா? தோட்ட முதலாளியின் மனைவி அந்த டாக்டருக்குச் சொந்தம். முதலாளி வீட்டுச் சமையலறையில் பேச்சு அடிபட்டு, சமையல்காரி மூலமாகக் காட்டுக்கு வந்து, கடைசியில்தான் அவர் காதுக்கு வந்தது. தன் வயிற்றைப் பற்றிய செய்தியை ஊரெல்லாம் பேசி முடித்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டார். டாக்டரிடம் போய் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். பதில் இல்லை. வழக்குப் போடலாமே என்றால், அந்த ஊரில் வெள்ளைக்கார டாக்டர் மேல் வழக்குப் போட்டுவிட்டு ஒரு கறுப்பினப் பெண் உயிரோடு இருக்க முடியாது. அந்த வட்டாரத்தில் இதற்கு ஒரு கசப்பான பட்டப்பெயரே இருந்தது: 'மிசிசிப்பி குடல்வால் ஆபரேஷன்'. 1964இல் வாஷிங்டனில் அவர் பேசும்போது, தங்கள் ஊர்ப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகிற கறுப்பினப் பெண்களில் பத்தில் ஆறு பேருக்கு இப்படிக் கருத்தடை செய்துவிடுகிறார்கள் என்று சொன்னார். அவருக்கு முன்பே குறைப்பிரசவத்தில் குழந்தைகள் தங்கவில்லை, இரண்டு பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தார். வாக்குரிமைப் போராட்டத்துக்குள் அவர் வந்தது அந்த ஆபரேஷனுக்கு அடுத்த வருஷம், 1962இல். இதனால்தான் அது என்று நான் முடிச்சுப் போடவில்லை. தேதிகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

இரண்டாமவர் ஹிலரி மாண்டல். 'உல்ஃப் ஹால்' நாவலுக்காக 2009இல் புக்கர் பரிசு வாங்கிய ஆங்கில எழுத்தாளர். இருபது வயதில் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றில் தாங்க முடியாத வலி. டாக்டர்கள் பார்த்துவிட்டு, மன அழுத்தம் என்றார்கள். மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். மாத்திரைக்கு மேல் மாத்திரை, கடைசியில் பைத்தியத்துக்குக் கொடுக்கிற மருந்து வரை போனது. அந்த மருந்தே அவரை நிலைகொள்ளாமல் ஆட்டிவைத்தது, அதையும் நோயின் அறிகுறி என்றார்கள். மனநல மருத்துவர் எழுதுவதை நிறுத்தச் சொன்னார். வலி என்று சொல்கிறவளுக்கு வியாதி மனசில்தான் என்று முடிவு கட்டுவதில் 1872க்கும் 1972க்கும் பெரிய தூரம் இல்லை.

பிறகு கணவரோடு ஆப்பிரிக்காவின் போட்ஸ்வானாவில் இருந்தபோது, மருத்துவப் பாடப்புத்தகத்தைத் தானே புரட்டித் தன் நோயைத் தானே கண்டுபிடித்தார். எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்பூச்சு போன்ற திசு வெளியே மற்ற உறுப்புகளில் படர்ந்து, மாதா மாதம் வீங்கி ரத்தம் கசிவது. கண்டுபிடித்த நேரத்தில் காலம் கடந்திருந்தது. லண்டனில் ஆபரேஷன். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் போயின. வயது 27.

2003இல் வந்த அவருடைய தன்வரலாற்றில், ஆபரேஷனுக்குப் பிந்தைய உடம்பைப் பற்றி எழுதியிருக்கிற பக்கங்களுக்காகத்தான் அவரை இங்கே அழைத்துவந்தேன். ஒல்லிக்குச்சியாக இருந்தவர் ஹார்மோன் மருந்துகளால் உருவமே மாறிப் பருத்துப்போனார். கண்ணாடியில் தெரிகிறவளை அடையாளம் தெரியவில்லை. துணிக்கடையில் பழைய அளவு இல்லை. நோயும் முழுசாகப் போகவில்லை. அதோடு, பிறக்காத ஒரு மகள். அவளுக்கு கட்ரியோனா என்று பெயர்கூட வைத்திருந்தார். பிறந்திருந்தால் இந்த வயசு இருக்கும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வயசாகிறவர்களுக்கு மட்டும்தான் அந்தத் துக்கம் புரியும். எரிக்கவும் இல்லை, புதைக்கவும் இல்லை, யாரும் துக்கம் கேட்டு வரவும் இல்லை. அவர் எழுதினார். 2022இல் இறக்கும்வரை எழுதினார்.

இந்த இரண்டு பேரையும் படித்த பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. உறுப்பு போன வருத்தம் ஒன்று, அது அவரவருக்கு வேறு வேறு. டீச்சருக்கு அது வருத்தமே இல்லை. அதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது: என் உடம்பில் நடந்ததை என்னைத் தவிர மற்ற எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்பது. நான் சொன்னதை நம்பாமல், என் புத்தியைச் சந்தேகப்பட்டார்கள் என்பது. ஹேமருக்கு முதலாவது, மாண்டலுக்கு இரண்டாவது. அம்மாவுக்கு இரண்டும்.

இதெல்லாம் பழங்கதை, வெளிநாட்டுக் கதை என்று நினைக்க வழியில்லை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போகிற பெண்களைப் பற்றி 2019இல் செய்தி வந்தது ஞாபகம் இருக்கும். புருஷன் பொண்டாட்டி ஜோடிக்கு மேஸ்திரி முன்பணம் கொடுப்பார், ஒரு நாள் லீவு போட்டால் அபராதம். மாதவிலக்கில் வேலை கெடும், வெள்ளைப்படுதல் என்று டாக்டரிடம் போனால் கேன்சர் வரும் என்று பயமுறுத்தல். மாநில அரசு அமைத்த குழு சுமார் 82 ஆயிரம் பெண்களைக் கணக்கெடுத்ததில், சுமார் 13,800 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. நாடு முழுக்க எடுக்கிற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இந்தக் கேள்வியையே முதன்முறையாகக் கேட்டது 2015-16இல்தான். ஆபரேஷன்களில் மூன்றில் இரண்டு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்திருந்தன. தேவையில்லாத ஆபரேஷன்களைத் தடுக்க வழிமுறைகளை அமல்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அம்மாவுக்குத் தேவையில்லாமல் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கட்டி இருந்தது, ரத்தப்போக்கு இருந்தது, பாயெல்லாம் நனைந்ததை நானே பார்த்திருக்கிறேன். நல்ல சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தது, பின்னால் புற்றுநோய் வரக் கூடாது என்ற நல்லெண்ணத்தில்கூட இருக்கலாம். அப்போது அது பரவலான வழக்கம்தான். 2009இல் அமெரிக்க நர்ஸ்கள் 29,380 பேரின் பல வருஷத் தகவலை அலசியபோது, கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் குறைந்திருந்தது, ஆனால் மொத்த இறப்பு விகிதம் கூடியிருந்தது. பரம்பரையாகப் புற்றுநோய் ஆபத்து இருப்பவர்களின் கணக்கு வேறு. அது டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியது. பேச வேண்டியது, அவ்வளவுதான் நான் கேட்பது.

அம்மாவிடம் ஆபரேஷனைப் பற்றி முதல்முறையாக நிதானமாகக் கேட்டது கை கட்டோடு அவள் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான். நான் வேறு ஏதோ பதிலை எதிர்பார்த்தேன். அவள் சொன்னது: "அந்த மூணு நாள் போயிருச்சேன்னு இருந்துச்சு."

எங்கள் வீட்டில் தூரம் என்றால் மூன்று நாள் பின்கட்டு அறை. எனக்கு அந்த வழக்கத்தைக் கண்டாலே ஆகாது. அம்மாவுக்கும் அதில் அவமானம் உண்டு. ஆனால் மாதத்தில் அந்த மூன்று நாள்தான் அவள் அடுப்படிக்குப் போக வேண்டாத நாள். ராணியும் குமுதமும் படிப்பாள், பகலில் தூங்குவாள். ஆபரேஷனுக்குப் பிறகு முப்பது நாளும் அடுப்படி. இன்னொரு பக்கம், பாட்டி அவளைக் கூப்பிட்டு, "இனி உனக்கு ஒரு தடையும் இல்ல, குலசாமி விளக்கை நீயே ஏத்து" என்று சாவியைக் கொடுத்துவிட்டாள். அதில் அம்மாவுக்குப் பெருமை. ராத்திரி வேர்த்துக் கொட்டி உட்கார்ந்திருக்கும்போது, சாமி காரியத்தில் ஏதோ குறை வைத்துவிட்டேனோ என்று பயம். பெருமை, பயம், மூன்று நாள் ஓய்வு போன ஏக்கம், எல்லாம் ஒரே வயிற்றில். இதை எந்த ஆய்வுக் கேள்வித்தாளில் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது?

நான் அந்தப் பழுப்புக் காகிதத்தை எடுத்துவந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். சினைப்பை இரண்டையும் எடுத்துவிட்டார்கள் என்றால் உடம்பில் என்ன நடக்கும், தூக்கம் ஏன் போகும், ஏன் எரியும், ஏன் அழுகை வரும், எலும்பு ஏன் தேயும் என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். அதற்கு மருந்து இருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்று இப்போதும் சில சமயம் தோன்றும்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க அப்பாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியலம்மா. கையெழுத்துப் போட்டது அவர்தான். படிச்சுப் பார்த்தாரான்னு தெரியாது."

"அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவு வராது" என்றாள். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, அந்த வரியைத் தமிழில் எழுதித் தரச் சொன்னாள். காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினேன்: '1996இல் கர்ப்பப்பையும் இரண்டு சினைப்பைகளும் எடுக்கப்பட்டன.' இடது கையால் அதை நாலாக மடித்து, ஆதார் கார்டு இருக்கிற பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

போன மாதம் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். இதற்கு முன்னால் ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா என்று நர்ஸ் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பர்ஸைத் திறந்துவிட்டாள்.